சமையல் மேடை: செலவும் சேதமும் ஓரத்தில்தான்

பல வருடம் உழைத்த சமையல் மேடையைப் பெயர்த்தெடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நடுப்பரப்புக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டுப்போயிருப்பதெல்லாம் சிங்க்கைச் சுற்றி நான்கு விரல் அகலம், மேடை சுவரோடு சேரும் மூலை, இரண்டு பலகைகளை ஒட்டிய இணைப்பு, பாத்திரம் இடித்து இடித்துச் சிதறிய முன்விளிம்பு. கல்லோ மரமோ லேமினேட்டோ, எல்லாவற்றிலும் கேடு ஓரத்தில்தான் தொடங்குகிறது.

செலவுச் சீட்டிலும் இப்படித்தான். கடைக்குள் நுழைந்ததும் நாம் கேட்பது சதுர அடி என்ன விலை என்று. வேலை முடிந்து சீட்டு கைக்கு வரும்போது சிங்க்குக்குத் துளை வெட்டிய கூலி, அடுப்புக்குத் துளை வெட்டிய கூலி, முன்விளிம்பை உருட்டிப் பாலிஷ் போட்ட கூலி, இணைப்புக்குத் தனி, தூக்கிவந்து ஏற்றியதற்குத் தனி, வெட்டி மிஞ்சிய துண்டுக்கும் சேர்த்துப் பலகை விலை என்று வரிசையாக நிற்கும். குறைந்த செலவில் மேடை போட நினைப்பவர் பரப்பைவிட ஓரங்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பொருளை எடுப்பது என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் விடை வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலமுள்ள நேரான மேடை. பரப்பு 1.8 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 19.4 சதுர அடி. முன்விளிம்பு 3 மீட்டர். அதில் 50க்கு 40 செ.மீ. அளவில் ஒரு சிங்க். துளையின் சுற்றளவு 1.8 மீட்டர். சிங்க்கை மேடைக்கு அடியிலிருந்து பொருத்தினால் அந்த 1.8 மீட்டரும் வெளியே தெரியும். முன்விளிம்பைப் போலவே அதையும் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். விளிம்பு வேலை ஒரேயடியாக 60 சதவீதம் கூடிவிடுகிறது. அதே சிங்க்கை மேலிருந்து இறக்கினால் அதன் மடிப்பு துளையின் ஓரத்தை மறைத்துக்கொள்ளும். பாலிஷ் தேவையில்லை. பொருளை மாற்றாமலே செலவு இறங்குகிறது.

மேடையின் வடிவமும் இப்படித்தான். நேர் மேடை மலிவு. ‘ட’ வடிவத்தில் ஒரு மூலை இணைப்பு வரும். ‘ப’ வடிவத்தில் இரண்டு. ஒவ்வொரு மூலையிலும் பலகை வீணாகும், ஒவ்வொரு இணைப்பும் பின்னாளில் தண்ணீர் நுழையும் வாசல். முன்விளிம்பைப் பருமனாகக் காட்ட அடியில் இன்னொரு பட்டை ஒட்டி 20 மி.மீ. கல்லை 40 மி.மீ. போலத் தோன்றச் செய்வதும் வழக்கத்தில் உண்டு. அது அழகுக்கு மட்டுமே. பலம் கூடும் என்று சொல்லி யாராவது அதை உங்களிடம் விற்றால் மறுத்துவிடுங்கள்.

மேடையைச் சோதிப்பவை

தண்ணீர், சூடு, அமிலம், கீறல். தினமும் மேடை மீது நடப்பது இந்த நான்கும்தான். இவற்றில் ஒன்றிரண்டை எல்லாப் பொருளும் தாங்கும். நான்கையும் ஒருசேரத் தாங்குபவை மிகக் குறைவு, அவை மலிவாகக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

கீறலுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1812ஆம் ஆண்டு பிரெட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர், எது எதைக் கீறும் என்று பார்த்துக் கனிமங்களை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். டால்க் 1, வைரம் 10. பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் நிறைந்திருக்கும் கால்சைட்டுக்கு 3. கிரானைட்டில் இருக்கும் பெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. ஆகவே கத்தி பளிங்கைக் கீறும். கிரானைட்டில் பட்டால் கத்திதான் மழுங்கும். ஆனால் கீறல் விழாத பொருள் உடையாத பொருள் என்று ஆகிவிடாது. கண்ணாடியைக் கத்தியால் கீறுவது கடினம், கைதவறினால் நொறுங்கிவிடுகிறது. பீங்கான் வகை மேடைகளின் முனை சிதறுவதற்குக் காரணம் இதுதான்.

அமிலத்தைப் பற்றித்தான் வாங்குபவர்களிடம் தவறான எண்ணம் அதிகம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு, வினிகர், தக்காளி இவை கால்சைட்டோடு சேர்ந்தால் வேதிவினை நடந்து கல்லின் மேற்பரப்பே கரைகிறது. பாலிஷ் போய் மங்கலாக ஒரு தடம் நிற்கும். பலர் இதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். கறை என்றால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போயிருக்க வேண்டும். இங்கே கல்லிலிருந்து ஒரு பகுதி போய்விட்டது. சீலர் பூசினால் எண்ணெயும் காப்பியும் உள்ளே ஊறாமல் தடுக்கலாம். அமிலத்தடத்தைச் சீலர் தடுக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலிஷ் போட்ட பளிங்கையோ சுண்ணாம்புக் கல்லையோ எடுத்தால், ஒரு வருடத்தில் மேடை முழுவதும் வட்ட வட்டமாகத் தடங்கள் விழும். அதைப் பழகிப்போன கல்லின் முகமாக ஏற்றுக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாக எடுக்கலாம். பாலிஷ் இல்லாமல் மங்கலாகத் தேய்த்த கல்லாக எடுத்தால் தடங்கள் அவ்வளவாகத் தெரியாது.

சூட்டைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றே. பொருளில் பிசின் (ரெசின்) இருக்கிறதா? பிசின் கலந்த எதிலும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. பொரிக்கும் எண்ணெயே 180 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தப் பாத்திரத்தின் அடிப்பாகம் அதற்கும் மேலே.

லேமினேட்: அடியில் இருப்பதைப் பாருங்கள்

விலையில் லேமினேட்டை வெல்வது கடினம். அதன் பிறப்பு சமையலறைக்காக அல்ல. 1912ல் அமெரிக்காவில் டேனியல் ஓ’கானர், ஹெர்பர்ட் பேபர் என்ற இரு பொறியாளர்கள் மின்காப்புக்காக அதுவரை பயன்பட்டுவந்த மைக்கா என்ற கனிமத்துக்கு மாற்றாக, பிசின் ஏற்றிய தகட்டை உருவாக்கினார்கள். ‘மைக்காவுக்குப் பதில்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் ஒட்டித்தான் பார்மைக்கா என்ற பெயர் வந்தது. மெலமின் பிசின் சேர்ந்த பிறகு அது வண்ணமும் பூவேலையும் தாங்கும் வீட்டுப் பொருளாக மாறியது.

உள்ளே இருப்பது காகிதம். பழுப்பு நிறக் கிராப்ட் தாள்கள் பல அடுக்கு, பீனாலிக் பிசினில் நனைத்தவை. அதன் மேல் படம் அச்சிட்ட தாள், மெலமின் பிசினில் நனைத்தது. எல்லாவற்றையும் சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் வைத்து ஒரே தகடாக்குகிறார்கள். தடிமன் பெரும்பாலும் 1 மி.மீ. சுற்றித்தான். அந்தத் தகடு தண்ணீருக்கு அஞ்சாது, எலுமிச்சைக்கும் அஞ்சாது. பலவீனம் அது ஒட்டியிருக்கும் பலகையில் இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஓரத்தின் வழியாகத் தண்ணீர் ஒருமுறை ஏறிவிட்டால் அது ஊதும். காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது.

என் வீட்டில் முதலில் இருந்தது இந்த வகைதான். மூன்றாவது வருடம் சிங்க்குக்கு முன்னால் உள்ளங்கை அளவுக்கு மேடை மேடாகிவிட்டது. வேலை செய்தவர் துளையை வெட்டிவிட்டு, வெட்டுமுகத்தில் எதுவும் பூசாமல் அப்படியே சிங்க்கை இறக்கியிருந்தார். நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தெரியவும் இல்லை. மேல்தகட்டில் அன்றும் ஒரு கீறல் கிடையாது. அந்தச் சிங்க்கைக் கழற்றி உள்ளே பார்த்த நாளில்தான் ஓரத்தைப் பற்றிய இந்த எண்ணம் எனக்குள் ஊன்றியது.

ஆகவே லேமினேட் எடுப்பவர்கள் பணத்தை மேல்தாளின் அழகில் போடுவதைவிட அடிப்பலகையில் போடுவது நல்லது. பார்ட்டிகிள் போர்டுக்குப் பதிலாக நீரைத் தாங்கும் பசையில் செய்த பிளைவுட் கேளுங்கள். பலகையின் உள்நிறம் பச்சையாக இருந்தால் ஈரம் தாங்கும் என்று சொல்வார்கள்; பச்சை என்பது வெறும் சாயம், அதை மட்டும் நம்ப வேண்டாம், பலகையின் தர முத்திரையைப் பாருங்கள். முன்விளிம்பில் தகட்டையே வளைத்து உருட்டிய வகை கிடைத்தால் அதையே எடுங்கள், அங்கே இணைப்பு என்பதே இருக்காது. சிங்க் துளையின் வெட்டுமுகம் முழுவதும் எபாக்ஸியோ பாலியூரித்தேன் பூச்சோ இரண்டு முறை பூசிக் காய்ந்த பிறகே சிங்க் இறங்க வேண்டும். ஒரு சின்ன டப்பா, அரைநாள் காத்திருப்பு; அதற்கே மேடையின் ஆயுள் வருடக்கணக்கில் நீளும். பூச்சு இன்னொரு நன்மையும் செய்கிறது. இந்தப் பலகைகளின் பசையில் பார்மால்டிஹைடு உண்டு. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அதை 2004ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வெட்டுமுகங்களை மூடிவிட்டால் அது காற்றில் கசிவது குறையும். பார்மால்டிஹைடு குறைந்த பசையுள்ள பலகைகளைத் தர முத்திரை பார்த்து வாங்குவதும் அவசியம்.

லேமினேட்டிலேயே காம்பாக்ட் என்று ஒரு வகை இருக்கிறது. 12 மி.மீ. அளவுக்கு முழுவதுமே பிசின் ஏறிய காகித அடுக்கு. அடியில் ஊதுவதற்குப் பலகையே கிடையாது. சாதாரண லேமினேட்டைவிட விலை கூடுதல், ஆனால் தண்ணீர் ஓயாத வீட்டில் அந்தக் கூடுதல் வீணாகாது.

டைல்ஸ் என்னும் ஏழைப் பங்காளன்

சூடு, அமிலம், கீறல், தண்ணீர் நான்கையும் தாங்கும் மேடையை மிகக் குறைந்த செலவில் போட முடியும் என்றால் அது பீங்கான் டைல்ஸில்தான். ஏனோ இதைக் கண்டாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிப்புக்குக் காரணம் டைல்ஸ் அல்ல, டைல்ஸ்களுக்கு இடையிலான சந்தை நிரப்பும் கிரவுட். சிமென்ட் கிரவுட் நுண்துளை நிறைந்தது, எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்துவிடும். ஒவ்வொரு டைல்ஸுக்கும் நான்கு ஓரம் என்றால் சின்னச் சின்ன டைல்ஸ் பதித்த மேடை முழுவதுமே ஓரம்தான்.

தீர்வு இரண்டு. பெரிய டைல்ஸ் எடுப்பது ஒன்று. 60 செ.மீ. அகல மேடைக்கு 60க்கு 120 செ.மீ. டைல்ஸ் போட்டால் 3 மீட்டர் நீளத்துக்கு இரண்டே கோடுகள் வரும். எபாக்ஸி கிரவுட் போடுவது இன்னொன்று. விலை அதிகம்தான், ஆனால் இரண்டு கோட்டுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்? எபாக்ஸி வேகமாக இறுகும், துடைக்கத் தாமதித்தால் டைல்ஸ் மேலேயே படிந்துவிடும். அதனால் அதில் கைப்பழக்கம் உள்ளவரைத்தான் அழைக்க வேண்டும்.

எந்த டைல்ஸ் என்பதிலும் கவனம் வேண்டும். போர்சிலின் வகை என்றால் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது என்பது சர்வதேசத் தரம். சுவருக்கான மெருகிட்ட டைல்ஸ் 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அடியில் வெறும் பிளைவுட் வைத்து அதன்மேல் ஒட்டினால் மரம் அசைய அசைய கிரவுட் விரியும். கான்கிரீட் பலகையோ சிமென்ட் போர்டோ இருக்க வேண்டும், சிங்க் பக்கத்தில் நீர்த்தடுப்புப் பூச்சும் வேண்டும். முன்விளிம்புக்கு உலோகப் பட்டை வைத்துவிட்டால் முனை சிதறும் தொல்லை இல்லை. மறக்காமல் இரண்டு டைல்ஸை எடுத்துப் பரணில் வையுங்கள். உடைந்த ஒன்றை மட்டும் பெயர்த்து மாற்றிக்கொள்ளும் வசதி வேறு எந்த மேடையிலும் கிடையாது.

கிரானைட்: கல்லோடு பேசிப் பார்த்து வாங்குங்கள்

கிரானைட்டின் விலை அதன் தரத்தைவிட நிறத்தையும் அது வரும் தூரத்தையும் சார்ந்தது. அருகில் வெட்டியெடுக்கும் சாதாரண நிறக் கல்லும், கடல் கடந்து வரும் அரிய நிறக் கல்லும் மேடையில் ஒரே மாதிரிதான் உழைக்கும். சிக்கனம் பார்ப்பவருக்கு இது நல்ல செய்தி.

பெயரை நம்பக் கூடாது. கல் வணிகத்தில் கடினமாக இருந்தால் எல்லாமே கிரானைட்தான். கறுப்பு கிரானைட் என்று விற்பவை பெரும்பாலும் காப்ரோ, டோலரைட் போன்ற வேறு எரிமலைப் பிழம்புக் கற்கள். அவை நல்ல கற்களே. சிக்கல் வருவது சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக விற்கும்போது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து மூலையில் துடைத்தால் பஞ்சு கறுத்துவிடும். மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடையுங்கள். மங்கல் தடம் விழுந்தால் உள்ளே கால்சைட் இருக்கிறது, அது கிரானைட் அல்ல. இன்னோர் இடத்தில் தண்ணீர் ஒரு சொட்டு. பத்து, பதினைந்து நிமிடத்தில் கல் அந்த இடத்தில் கறுத்தால் உறிஞ்சுகிறது என்று பொருள், சீலர் பூச வேண்டும். கறுக்காவிட்டால் சீலருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. பலகையின் மேல் கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். இயற்கையான கோட்டில் நகம் வழுக்கிப் போகும், விரிசலில் மாட்டும்.

எடையையும் நினைவில் வையுங்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. நாம் கணக்குப் போட்ட மேடைக்கு 97 கிலோ வருகிறது. அடியில் இருக்கும் பெட்டிகளை ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்காமல் ஏற்றினால், பலகை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே விரியும். மெலிந்த இடம் எது? சிங்க் துளைக்கு முன்னாலும் பின்னாலும் மிஞ்சும் ஒடுங்கிய பட்டைதான். துளையின் நான்கு மூலையும் கூர்மையாக இல்லாமல் வளைவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி மிச்சத் துண்டுகள். பெரிய மேடை வெட்டியபின் கல் அறுக்கும் இடங்களில் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர்த் துண்டுகள் சும்மா சாய்ந்துகிடக்கும். சின்னச் சமையலறைக்கு அவையே போதும். நீளமான மேடையிலும் சிங்க் பகுதிக்கு மட்டும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

குவார்ட்ஸ் மேடையும் அதை அறுப்பவர்களும்

செயற்கைக் குவார்ட்ஸ் பலகையின் தொழில்நுட்பம் இத்தாலியில் 1963ல் மார்செல்லோ டொன்செல்லி தொடங்கிய பிரெட்டன் நிறுவனத்திலிருந்து வந்தது. பொடித்த குவார்ட்ஸையும் பாலியெஸ்டர் பிசினையும் கலந்து, காற்றை உறிஞ்சியெடுத்த அறையில் அதிரவைத்து அழுத்திச் செய்கிறார்கள். 90 முதல் 93 சதவீதம் கல் என்று விளம்பரம் சொல்வது உண்மைதான், எடைக் கணக்கில். பிசின் கல்லைவிடப் பாதிக்கும் குறைந்த அடர்த்தி கொண்டது. கன அளவில் பார்த்தால் பலகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை பிசினாகவே இருக்கும். 150 பாகைச் சூட்டை ஒட்டியே அந்தப் பிசின் நிறம் மாறக்கூடும், வெயில் நேராக விழும் இடத்தில் மஞ்சளாகும். மற்றபடி உறிஞ்சாது, சீலர் வேண்டாம், துடைத்தால் சுத்தம். விலை பொதுவாகச் சாதாரண கிரானைட்டைவிடக் கூடுதல்.

இதை வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு, எனக்கு அது விலையைவிட முக்கியம். இந்தப் பலகையில் படிகச் சிலிக்கா (குவார்ட்ஸ் அதில் ஒரு வகை) 90 சதவீதத்தையும் தாண்டும். கிரானைட்டில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே, பளிங்கில் மிகச் சொற்பம். பலகையை ஈரமில்லாமல் அறுத்தாலோ தேய்த்தாலோ கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. செயற்கைக் கல் தொழிலாளர்களிடம் இது பரவுவதை இஸ்ரேல் மருத்துவர்கள் 2012ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்கு வந்த தொழிலாளர்களிடம்தான் அதைக் கண்டார்கள். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தக் கல்லின் உற்பத்தி, விற்பனை, பொருத்துதல் எல்லாவற்றையும் தடைசெய்தது. இப்படித் தடைவிதித்த முதல் நாடு அதுதான்.

போட்டு முடித்த மேடையால் வீட்டில் இருப்பவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து அறுப்பவருக்கு. விலை குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எங்கே, எப்படி அறுக்கிறார்கள் என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்றி அறுக்கும் இயந்திரம் உண்டா, தூசி உறிஞ்சி உண்டா, சரியான முகக்கவசம் தருகிறார்களா? வீட்டு வாசலில் வைத்து உலர்ந்த கல்லில் கிரைண்டர் ஓட்ட அனுமதிக்காதீர்கள், அது கிரானைட்டாக இருந்தாலும் சரி. ஒரு மனிதரின் மூச்சைக் கழித்துக் கிடைக்கும் தள்ளுபடி நமக்கு வேண்டாம். சிலிக்கா குறைத்த பலகைகள் இப்போது சந்தைக்கு வருகின்றன. குவார்ட்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் அவற்றைத் தேடலாம்.

மற்றவை

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேடையை ஓட்டல் சமையலறைக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஓரக் கணக்கில் பார்த்தால் அதைப் போல ஒன்று இல்லை, ஏனென்றால் சிங்க்கை மேடையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடலாம். இணைப்பே கிடையாது. 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம் கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். விலை குறைந்த 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சொல்வது சரியல்ல. இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகைதான். ரகத்தைச் சீட்டில் எழுதி வாங்குவதே வழி. தடிமன் 1.2 மி.மீ.க்குக் குறையாமல், அடியில் பிளைவுட் ஒட்டியிருந்தால் தகர ஓசை வராது. கீறல் விழும். முதல் ஆறு மாதம் ஒவ்வொன்றும் உறுத்தும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே மங்கலாகிவிடும்.

மரப்பலகை சூடான இடத்துக்கும் ஆகாது, ஈரமான இடத்துக்கும் ஆகாது. காய்கறி நறுக்கும் பகுதிக்கு அதைவிட இதமானது வேறில்லை. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும். திருகாணித் துளையை நீள்வட்டமாகப் போட்டு அது அசைய இடம்விட வேண்டும். சமையல் எண்ணெய் பூசினால் சிக்குவாடை வரும், கனிம எண்ணெய் பூசுங்கள். கறை படிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

கான்கிரீட்டை அங்கேயே வார்க்கலாம், பொருள் செலவு குறைவு, கைவேலை அதிகம். 5 செ.மீ. தடிமனில் சதுர மீட்டருக்கு 120 கிலோ. சிமென்ட்டுக்கும் எலுமிச்சை பகை. மயிரிழை விரிசல் விழுந்தே தீரும். சீலரை மறுபடி மறுபடி பூசும் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அக்ரிலிக் மேடை 1967ல் டூபான்ட் நிறுவனத்தில் பிறந்தது. இணைப்பு தெரியாமல் ஒட்டும், தேய்த்துப் புதுப்பிக்கலாம், ஆனால் சிக்கனம் பேசும் இந்தக் கட்டுரைக்குள் அதன் விலை அடங்காது.

எல்லா இடத்துக்கும் ஒரே பொருள் வேண்டுமா?

மேடை முழுவதும் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தண்ணீர் ஒரு மீட்டரில் நிற்கிறது, சூடு அடுப்பின் இரு பக்கமும் அரை மீட்டரில் நிற்கிறது. மீதி இடத்தில் டப்பாவும் தட்டும்தான் இருக்கும். சிங்க் பகுதிக்கு மிச்சத் துண்டு கிரானைட்டோ ஸ்டீலோ, மற்ற பகுதிக்கு நல்ல பிளைவுட் மேல் லேமினேட் என்று பிரித்துப் போட்டால் செலவு நன்றாகக் குறையும். இரண்டும் சேரும் கோட்டைச் சிங்க்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். 

எந்தப் பொருளானாலும் சில வேலைகளை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். கல் மேடையின் முன்விளிம்புக்கு அடியில், முனையிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே, நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம் அறுக்கச் சொல்லுங்கள். விளிம்பில் வழியும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் கீழே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்துபோய்ப் பெட்டிக் கதவுகளை ஊறவைக்கும். சுவரோடு சேரும் இடத்தில் சிமென்ட் பூசாமல் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டுப் பூசணம் பிடிக்காத சிலிகான் அடைக்க வேண்டும். சுவரும் மேடையும் வேறு வேறாக அசையும், சிலிகான்தான் அந்த அசைவுக்கு வளைந்துகொடுக்கும். சில வருடத்தில் அது கறுக்கும். அப்போது பழையதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழைய சிலிகான் மேல் புதியது பிடிக்காது.

கிரானைட்டில் சிங்க்குக்குத் துளை வெட்டும்போது நடுவில் ஒரு துண்டு கழன்று வரும். அதற்கும் நீங்கள் விலை கொடுத்திருக்கிறீர்கள். கேட்டு வாங்கி, நான்கு ஓரமும் லேசாகத் தேய்த்து, அடியில் ரப்பர்ப் பொட்டு ஒட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். மேடையின் மற்ற பகுதி லேமினேட்டாக இருந்தாலும், இறக்கும் பாத்திரத்துக்கு ஓர் இடம் ஆயிற்று.